லாமு பழைய நகருக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கென்யாவின் வடகடலோரத்தில் உள்ள லாமு, கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி ஊர்களில் மிகப் பழமையானது, நன்றாகக் காப்பாற்றப்பட்டது. 700 ஆண்டுகளுக்கு மேலாக ஆள் அகலாத ஊர். 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இப்போதும் பிள்ளைகள் மதரசாவுக்கு ஓடுகிற, கழுதை மேல் சிமெண்டு மூட்டை போகிற, பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஊர்தான் அது. இந்த ஊரில் நேரத்தை முடிவு செய்பவை இரண்டு: கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒன்று, தொழுகை அழைப்பு மற்றொன்று. இந்த இரண்டையும் புரிந்துகொண்டு திட்டம் போட்டால் பயணத்தில் பாதிச் சிக்கல் வராது. கீழே உள்ள பதில்களில் பலவும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

லாமுவுக்கு எப்படிப் போவது?

விமானம்தான் எளிது. நைரோபியில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து இறங்குவது ஜோமோ கென்யாட்டா நிலையத்தில். லாமு போகும் சிறு விமானங்களில் பல, நகரின் மறுபுறம் உள்ள வில்சன் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பயணச்சீட்டு எடுக்கும்போதே எந்த நிலையம் என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நைரோபி போக்குவரத்து நெரிசல் இருக்கிறது. குடிநுழைவு, பெட்டி எடுப்பது, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் சேர்த்து குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வையுங்கள். சென்னை, கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மும்பை வழியாகவோ வளைகுடா நகரங்கள் வழியாகவோ நைரோபிக்கு வருவது வழக்கம். அந்த விமானம் தாமதமானால் லாமு விமானம் காத்திருக்காது. நைரோபியில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை போவதே நிம்மதி.

வில்சனிலிருந்து பறக்கும் சிறு விமானங்களில் பெட்டி எடை பெரும்பாலும் 15 கிலோதான். கட்டிப் பெட்டியை விட மடங்கும் துணிப்பை நல்லது. சக்கரப் பெட்டி லாமுவின் சந்துகளில் எதற்கும் உதவாது.

விமானம் இறங்குவது லாமுத் தீவில் இல்லை, எதிரே இருக்கிற மண்டாத் தீவில். நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் படகுத்துறை. அங்கிருந்து விசைப்படகில் லாமு நகருக்குச் சுமார் 10, 15 நிமிடம். எல்லோரும் சேர்ந்து போகும் படகில் கட்டணம் குறைவு, தனிப்படகு பல மடங்கு. தங்குமிடத்தில் முன்கூட்டியே சொன்னால் ஆள் அனுப்புவார்கள். அதற்குத் தனிக் கட்டணமா, அறை வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலை வழியாகப் போகலாமா?

மொம்பாசாவிலிருந்து மாலிந்தி, கார்சென், விட்டூ ஆகிய ஊர்கள் வழியாக மொகோவே வரை பேருந்து போகிறது. மொகோவேயிலிருந்து லாமுவுக்குப் படகு. உள்ளூர் மக்கள் இந்த வழியைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வெளிநாட்டுப் பயணிக்கு நாங்கள் இதைச் சொல்வதில்லை. லாமு மாவட்டத்தின் நிலப்பகுதியிலும் சோமாலிய எல்லையை ஒட்டிய காட்டுப் பகுதிகளிலும் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. 2014இல் ம்பெகெடோனியில் நடந்தது அவற்றில் கொடியது. பல நாடுகளின் பயண எச்சரிக்கைகள் லாமு, மண்டாத் தீவுகளைத் தனியாகவும் நிலப்பகுதியைத் தனியாகவும் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை நீங்களும் மனதில் வையுங்கள். கிளம்பும் வாரத்தில் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறை என்ன சொல்கிறது என்று பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது எச்சரிக்கை உள்ள பகுதிக்குப் போனால் காப்பீடு செல்லுமா என்றும் கேளுங்கள். பல காப்பீடுகள் செல்லாது.

விசா, தடுப்பூசி?

2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்துவிட்டது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இது வேண்டும். கட்டணம் 30 டாலருக்குச் சற்று மேல். 6 மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, புகைப்படம், தங்குமிட முன்பதிவு, பயணச்சீட்டு ஆகியவற்றின் படங்களைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். குறைந்தது 3 வேலை நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தரகுத் தளங்கள் நிறைய. இரட்டிப்புப் பணம் பிடுங்கிக்கொண்டு அதே விண்ணப்பத்தைத்தான் அவை அனுப்புகின்றன.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கென்யாவுக்குள் நுழையும்போது கேட்காமல் விட்டுவிடலாம். திரும்பி இந்தியாவுக்கு வரும்போது கேட்பார்கள். கென்யா, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். இலங்கையிலும் இப்படிப்பட்ட விதி உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், கடவுச்சீட்டு கேட்பார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைக் கடந்தவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

கடலோரம் முழுக்க மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை எது, எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் சில நாள் அல்லது சில வாரம் தொடர வேண்டிய மாத்திரைகள் அவை. வீடு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

எந்த மாதம் நல்லது?

காற்றைக் கேட்டால் மாதம் தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது கஸ்கஸி. தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் கடலைக் கடந்து போய் அங்கே கஸ்கஸி ஆகிறது. அரபு நாட்டுக் கப்பல்களும் குஜராத்துக் கப்பல்களும் இந்தக் காற்றைப் பிடித்துத்தான் லாமுவுக்கு வந்தன. சுமார் ஏப்ரலில் காற்று திரும்பி, தெற்கிலிருந்து குசி வீசத் தொடங்கும். அதைப் பிடித்து அவை ஊர் திரும்பின.

பயணிக்கு இதன் பொருள்: ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை பெருமழை, மே மாதம் மோசம். அப்போது சில விடுதிகளை மூடிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் குசி பலமாக வீசும். வெயில் இதம், ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவு, கடலும் தெளிவு. பிப்ரவரி, மார்ச்சில் புழுக்கம் அதிகம். அக்டோபரும் நல்ல மாதம்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் வாடகை ஏறிவிடும்.

ரமலானில் போகலாமா? மவ்லிதுக்கு?

ரமலானில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தெருவில் தின்பதும் குடிப்பதும் மரியாதை இல்லை. தங்குமிடத்துக்குள் சாப்பிடலாம். நோன்பு திறந்த பின் ஊர் விழித்துக்கொள்ளும். வேறு மாதங்களில் கிடைக்காத பலகாரங்கள் அப்போது தெருவுக்கு வரும். பகலில் சும்மா இருக்கவும் இரவில் சுற்றவும் மனம் இருந்தால் ரமலான் நல்ல காலம். நாலு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்றால் வேண்டாம்.

நபிகள் பிறந்த நாளைக் கொண்டாடும் மவ்லிது லாமுவின் பெருவிழா. மார்க்க அறிஞர் ஹபீப் ஸாலிஹ் தொடங்கிய ரியாதா பள்ளிவாசலை மையமாகக் கொண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் நடக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஓதல், ஊர்வலம், கழுதைப் பந்தயம், பாய்மரப் பந்தயம் எல்லாம் உண்டு. பிறைக் கணக்கு என்பதால் தேதி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். அறையை மாதக்கணக்கில் முன்பே பிடிக்காவிட்டால் கிடைக்காது.

ஊருக்குள் கார் இல்லையாமே, எப்படிச் சுற்றுவது?

நடந்துதான். பழைய நகரின் சந்துகள் பலவற்றில் இரண்டு பேர் தோள் உரசாமல் கடக்க முடியாது. சுமை எல்லாம் கழுதை முதுகிலும் தள்ளுவண்டியிலும் போகிறது. தீவில் சில ஆயிரம் கழுதைகள். பின்னாலிருந்து குரலோ குளம்புச் சத்தமோ கேட்டால் சுவரோடு ஒட்டி நின்றுவிடுங்கள். சுமை ஏற்றிய கழுதை நின்று வழிவிடாது. மூட்டையின் முனை உங்கள் தோளில் இடிக்கும். நிற்கும்போது காலடியைப் பாருங்கள், சந்தின் ஓரத்தில் திறந்த சாக்கடை ஓடுகிறது. பின்பட்டை உள்ள, வழுக்காத செருப்பு வேண்டும். இப்போது தீவில் மோட்டார் சைக்கிள்களும் வந்துவிட்டன. பழைய நகரின் வெளிவிளிம்பில் அவற்றையும் கவனிக்க வேண்டும்.

வழி தவறுவது உறுதி. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கடற்கரையை ஒட்டி ஒரு சாலை, அதற்கு உள்ளே இணையாகக் கடைத்தெரு. இந்த இரண்டும்தான் ஊரின் முதுகெலும்பு. சந்துகள் மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்குகின்றன. சாக்கடை நீர் ஓடும் திசையில் நடந்தால் கடற்கரைக்கு வந்துவிடலாம். வடக்கே கல்வீடுகள் நெருங்கிய ம்கோமானி, தெற்கே கடைகளும் கூட்டமும் நிறைந்த லங்கோனி என்ற பிரிவு தெரிந்தால் யாரிடமும் வழி கேட்கலாம்.

வீடுகளில் எதைப் பார்க்க வேண்டும்?

வீடுகளை அவசரப்படாமல் பாருங்கள். லாமுவுக்கு வந்து கதவை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் மற்ற எல்லாவற்றையும் தவறவிடுகிறார்கள்.

சுவர் பவளக்கல். காரை, பவளத்தைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. கூரையைத் தாங்குவது போரிதி என்ற சதுப்புநில மரக் கழி. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்போமே, அந்த இனம். இந்தக் கழி ஓர் அளவுக்கு மேல் நீளமாகக் கிடைக்காது. அதனால் அறையின் அகலம் சுமார் இரண்டரை, மூன்று மீட்டரைத் தாண்டாது. வீடு பெரிதாக வேண்டுமானால் அறையை நீட்டுவார்கள், அல்லது அறைக்குப் பின் அறை என்று அடுக்குவார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் நீளமான, ஒடுங்கிய அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்குக் காரணம் இந்த மரம்தான்.

வாசலில் இருபுறமும் கல்திண்ணையோடு ஒரு முகப்பு இருக்கும், அது தாகா. திண்ணைக்குப் பெயர் பாராஸா. முன்பின் தெரியாத விருந்தாளியை அங்கேயே உட்காரவைத்துப் பேசி அனுப்புவார்கள். நம் ஊர்த் திண்ணை செய்த அதே வேலை. உள்ளே போகும் வழி நேராக இராது, ஒரு திருப்பம் இருக்கும். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வீட்டின் உள்முற்றம் தெரியக் கூடாது என்பதற்காக. முற்றத்தைத் தாண்டினால் அறைகள். உள்ளே போகப் போக வீட்டாருக்கு மட்டுமே உரிய இடம், கடைசியில் உள்ளது ந்தானி. அதன் சுவரில் சுதையால் வரிசை வரிசையாகச் செதுக்கிய மாடங்கள், ஸிதாகா. சீனக் கிண்ணங்களும் புனித நூலும் வைக்க. தெருவுக்கு மேலே இரண்டு வீடுகளை இணைத்து ஓர் அறை பாலம் போலக் கிடந்தால் அது விகியோ. உறவுக்காரப் பெண்கள் தெருவில் இறங்காமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக அந்த வழி.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க சுவாஹிலி வீட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியது. முதல் நாளே அங்கே போய்விடுங்கள். அதன்பிறகு ஊரில் எந்த வாசலைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வேறு என்ன பார்க்கலாம்?

லாமு அருங்காட்சியகம் கடற்கரைச் சாலையில், ஆங்கில ஆட்சி அதிகாரிகள் குடியிருந்த கட்டடத்தில். அண்டைத் தீவான பாத்தேயின் தந்த ஸிவாவும் லாமுவின் பித்தளை ஸிவாவும் இங்கே. ஸிவா என்பது மங்கல நிகழ்ச்சிகளில் பக்கவாட்டில் வாய் வைத்து ஊதிய பெரிய கொம்பு. ஊரின் அதிகாரச் சின்னம். அருகில் நின்று செதுக்கலைப் பாருங்கள்.

கோட்டை ஊரின் நடுவில். 1813இல் தொடங்கி 1821இல் முடிந்தது. அதற்கு முன் 1812-13 வாக்கில் பாத்தேயும் மொம்பாசாவும் சேர்ந்து லாமுவைத் தாக்க, அதே தீவில் உள்ள ஷேலா கரையில் இறங்கின. தோற்றுத் திரும்பி ஓடியவர்களின் படகுகள், கடல் வற்றியதால் மணலில் மாட்டிக்கொண்டன என்பது ஊர் மரபு. வென்ற லாமு, ஓமான் சுல்தானின் துணையைத் தேடியது. அந்தத் துணையோடு எழுந்ததுதான் இந்தக் கோட்டை. 1910 முதல் 1984 வரை சிறைச்சாலை. இன்று நூலகமும் கண்காட்சியும். முன்னால் உள்ள திடலில் பெரிய மரங்களின் நிழலில் மாலையில் ஊரே உட்காரும். மேல்தளத்திலிருந்து கூரைகள் தெரியும்.

ஜெர்மானியரின் அஞ்சலகம் 1888 முதல் 1891 வரை இயங்கிய கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. அரை மணி போதும். கடற்கரைச் சாலையில் கழுதைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்று 1987 முதல் நடக்கிறது. காலையில் போனால் வேலையைப் பார்க்கலாம்.

அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. வங்கி அட்டையோ செல்பேசிப் பணமோ இல்லாமல் ரொக்கத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பள்ளிவாசல்கள் தொழுகை இடங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் அழைப்பு இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வெளியிலிருந்து பார்க்கலாம், தொழுகிறவர்களைப் படம் எடுக்க வேண்டாம்.

“சாஆ ம்பிலி” என்றார் படகுக்காரர். 2 மணிக்குப் போனேன், ஆள் இல்லை. ஏன்?

அவர் சொன்னது காலை 8 மணி. சுவாஹிலிக் கணக்கில் பகல் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நாழிகையை உதயத்திலிருந்து எண்ணிய நமக்கு இது புதிதில்லை. காலை 7 மணி அங்கே ‘சாஆ மோஜா’, முதல் மணி. 8 என்றால் ம்பிலி, 9 என்றால் தாது, பகல் 12 என்றால் சீதா. மாலையிலும் அப்படியே, இரவு 7 மறுபடியும் மோஜா. நம் கடிகாரத்திலிருந்து 6 கழித்தால் அவர்கள் கணக்கு. கடிகாரத்தின் முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தாலும் அதே விடை. ஆங்கிலத்தில் நேரம் சொல்லும்போதும் சிலர் மனதில் இந்தக் கணக்கு ஓடும். அதனால் “காலைத் தொழுகைக்குப் பிறகா, வெயில் ஏறிய பிறகா” என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

படகுப் பயணத்துக்கு ஓதம் (கடல் ஏறி வற்றுவது) ஏன் அவ்வளவு முக்கியம்?

லாமுவைச் சுற்றியுள்ள கால்வாய்கள் ஆழமற்றவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் படகு போன இடத்தில் வற்றத்தில் சேறுதான் இருக்கும்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். கென்யக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஏற்றம் ஏறக்குறைய 4 மணிக்கு, காலையிலும் மாலையிலும். வற்றம் 10 மணி வாக்கில். அப்படியானால் பௌர்ணமி கழிந்த 4, 5 நாளில் காலை 7, 8 மணிக்கு ஏற்றம் வரும். கென்யத் துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணை சரியான நேரத்தைச் சொல்லும். நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து அறை பதிவு செய்தால், எந்த நாளில் எந்தப் பயணம் என்று வீட்டிலிருந்தே போட்டுவிடலாம்.

இது மிகவும் தேவைப்படுவது தக்வாவுக்கு. மண்டாத் தீவில் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்து கைவிடப்பட்ட ஊர் தக்வா. பெரிய பள்ளிவாசலில் தொழும் திசையிலுள்ள கிப்லாச் சுவர் மேல் ஒரு தூண் நிற்கிறது. மதிலுக்கு வெளியே 1681-82ஆம் ஆண்டைச் சேர்ந்த தூண் கல்லறை. ஷேலா மக்களின் முன்னோர் இங்கிருந்து வந்தவர்கள் என்ற நம்பிக்கையில் இன்னும் அங்கே வந்து மழைக்காக வேண்டுகிறார்கள். போகும் வழி சதுப்புநிலக் காட்டுக்குள் ஓர் ஓடை. ஏற்றத்தில் மட்டும்தான் படகு உள்ளே போகும். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது நுழைந்து, இறங்கத் தொடங்கியதும் திரும்ப வேண்டும். பார்க்க ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். “இன்னும் கொஞ்சம் இருக்கலாம்” என்று படகோட்டியைக் கட்டாயப்படுத்தினால், முழங்கால் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளுவதும் நீங்கள்தான். தண்ணீர், தொப்பி, கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கடை கிடையாது.

பாத்தேத் தீவின் பழைய ஊர்களுக்கு இன்னும் தொலைவு. வழியில் உள்ள ம்கண்டாக் கால்வாயும் ஏற்றத்தை நம்பியது. பல நாடுகளின் எச்சரிக்கை, லாமு, மண்டா தவிர்த்த பகுதிகளுக்குப் பொருந்தும் என்பதால் அங்கே போகுமுன் இரண்டு முறை யோசியுங்கள்.

படகை எப்படிப் பேசி முடிப்பது?

கடற்கரைச் சாலையில் கால் வைத்ததுமே நாலு பேர் வந்து கேட்பார்கள். “ஹபானா, அசந்தே” (வேண்டாம், நன்றி) என்று சிரித்துச் சொன்னால் போதும். முதல் நாளே யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். உரிம அட்டை உள்ள வழிகாட்டியா என்று பாருங்கள். தங்குமிடத்துக்காரரிடம் கேட்டால் நம்பிக்கையான படகோட்டியைச் சொல்வார்.

பேசும்போது இவை தெளிவாக வேண்டும்: விலை தலைக்கா படகுக்கா, எத்தனை மணி நேரம், பாயா மோட்டாரா, காற்று இல்லாவிட்டால் மோட்டார் உண்டா, எரிபொருள் யார் செலவு, சாப்பாடும் குடிநீரும் சேர்ந்ததா, நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது, உயிர்காப்புச் சட்டை எத்தனை. சட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். “இருக்கிறது” என்ற சொல் போதாது. பணத்தை முன்னதாகச் சாப்பாட்டுக்கு மீன் வாங்கும் அளவுக்கு மட்டும் கொடுத்து, மீதியைக் கரை திரும்பியதும் கொடுங்கள்.

இறங்கும் துறைப் படிகளில் வற்றத்தில் பாசி தெரியும், நன்றாக வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றத்தில் ஏறி இறங்கும்படி நேரம் பேசுங்கள்.

ஷேலாவில் தங்கலாமா, நகரிலா?

ஷேலா நகரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். கரையோரம் நடந்தால் முக்கால் மணி நேரம். ஏற்றத்தில் அந்தப் பாதையின் சில பகுதிகளைக் கடல் மூடிவிடும், அப்போது படகுதான். குளிக்கிற கடற்கரை ஷேலாவில்தான், சுமார் 12 கிலோமீட்டர் நீளம். வெள்ளைக்காரர்கள் வாங்கிப் புதுப்பித்த வீடுகள், விலை உயர்ந்த விடுதிகள் அங்கே. நகரில் வாடகை குறைவு, வாழ்க்கை அதிகம். பழைய ஊரைப் பார்க்க வருகிறவர் நகரில்தான் தங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. விடியலிலும் இரவிலும்தான் அந்தச் சந்துகள் தம் முகத்தைக் காட்டும். குறைந்தது 3 இரவு. முதல் நாள் திசை புரியவே போய்விடும்.

கடற்கரையின் முனையைத் தாண்டினால் அலையும் இழுப்பும் பலம், கடலில் உயிர்காக்கும் காவலர் இல்லை. ஆளில்லாத தொலைவில் தனியாக நடக்க வேண்டாம், வழிப்பறி நடந்திருக்கிறது. மணல்மேடுகளில் வண்டி ஓட்டவோ குப்பை போடவோ கூடாது. அந்த மேடுகள் உறிஞ்சி வைக்கும் மழைநீர்தான் லாமு நகருக்குக் குடிநீர்.

அறை பிடிக்கும்போது மேல்தளம் கேளுங்கள், காற்று வரும். படிகள் செங்குத்தானவை, பெரியவர்களுக்குக் கடினம். கொசுவலை, மின்விசிறி, மின்தடைக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்று விசாரியுங்கள். விடியற்காலைப் பாங்கும் நடுராத்திரிக் கழுதைக் கத்தலும் எல்லா அறையிலும் கேட்கும். தூக்கம் மெல்லியவர்கள் காதுப்பஞ்சு கொண்டுவரலாம்.

என்ன உடுத்துவது?

ஆணோ பெண்ணோ தோளும் முழங்காலும் மறைய வேண்டும். பருத்திச் சல்வார், நீளப் பாவாடை, சேலை எல்லாம் பொருத்தம். வேட்டி, கைலி கட்டுகிறவர்களுக்கு இன்னும் எளிது. அங்குள்ள ஆண்களும் கிகோய் கட்டுகிறார்கள். நீச்சல் உடை ஷேலா கடற்கரையில் மட்டும். பெண்களை, குறிப்பாகப் புய்புய் என்ற கறுப்பு அங்கி அணிந்தவர்களை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முதியவரைக் கண்டால் “ஷிகமூ” என்று வணங்கலாம், “மரஹபா” என்று பதில் வரும். அந்த ஒரு சொல் பல வாசல்களைத் திறக்கும்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

நம் நாக்குக்கு அந்நியமான ஊர் இல்லை. தேங்காய்ப்பால், புளி, ஏலம், இஞ்சி எல்லாம் அங்கே அன்றாடம். காலைச் சாப்பாடு மஹம்ரியும் ம்பாஸியும். மஹம்ரி, தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்த்துப் பொரித்த உப்பின ரொட்டி. ம்பாஸி, தேங்காய்ப்பாலில் வெந்த துவரை. இரண்டும் சைவம். விதும்புவாவைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, குழி உள்ள சட்டியில் ஊற்றிச் சுடும் இனிப்பு, நம் குழிப்பணியாரத்தின் உடன்பிறப்பு. கீரைக்கு ம்சிச்சா, பயறுக்கு மஹராகுவே, தக்காளி வெங்காயக் கலவைக்கு கச்சும்பரி என்று கேளுங்கள். “பிலா ந்யாமா, பிலா சமாகி” என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம். பிலாவ் என்ற மசாலாச் சோற்றில் இறைச்சிச் சாறு இருக்கும் என்பதால் சைவர்கள் சோறு தனியாகக் கேட்பது நல்லது.

மீன் சாப்பிடுகிறவர்கள் சமாகி வ குபாகாவைத் தவறவிடக் கூடாது. தேங்காய்ப்பாலும் புளியும் பூசிக் கரியில் சுட்ட மீன். குடிக்கப் புளிச்சாறு, இளநீர் (மதாஃபு), இரவில் இஞ்சி போட்ட காப்பி. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடிக்க வேண்டாம். சாறில் போடும் பனிக்கட்டி எந்த நீரில் செய்தது என்று கேளுங்கள். மது நகரில் அநேகமாகக் கிடைக்காது, தெருவில் குடிப்பது பெரும் அவமரியாதை.

பணம், செல்பேசி, மின்சாரம்?

கென்ய ஷில்லிங். கடற்கரைச் சாலையில் வங்கி இயந்திரங்கள் உண்டு, சில நேரம் பணம் தீர்ந்துவிடும். நைரோபியிலேயே கொஞ்சம் எடுத்துவாருங்கள். சின்ன நோட்டுகள் வேண்டும். ஊரே எம்-பெசா என்ற செல்பேசிப் பணத்தில் ஓடுகிறது. நைரோபியில் கடவுச்சீட்டைக் காட்டி சஃபாரிகாம் நிறுவனத்தின் சிம் அட்டை வாங்கி எம்-பெசாவையும் பதிவு செய்துவிட்டால் படகுக் கட்டணம் முதல் பழக்கடை வரை கொடுக்கலாம். மின்செருகி மூன்று சதுர முள் உள்ளது. இந்தியச் செருகி சேராது, மாற்றி தேவை. நேரம் நம்மை விட இரண்டரை மணி பின்னால்.

எதைக் கொண்டுபோகக் கூடாது, எதை வாங்கக் கூடாது?

பிளாஸ்டிக் பை. கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் தடை, தண்டனை கடுமை. நாம் துணியைச் சுற்றுவதும் ஊறுகாயைக் கட்டுவதும் கேரி பேக்கில்தான். கிளம்புமுன் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் துணிப்பைக்கு மாற்றுங்கள். டிரோன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் பறிமுதல் ஆகலாம்.

ஆமையோடு, சங்கு, பவளம் வாங்காதீர்கள், சட்ட மீறல். பழைய கதவு, பழைய நாற்காலி என்று யாராவது விற்க வந்தால் மறுத்துவிடுங்கள். பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கதவு போகும்போதும் ஒரு வீடு தன் முகத்தை இழக்கிறது. இப்போது செதுக்குகிற தச்சர்களின் பட்டறைகள் ஊரில் உண்டு. சின்னப் பெட்டியோ புத்தகத் தாங்கியோ அவர்களிடம் வாங்கினால் அந்தத் தொழில் நிலைக்கும். கிபுங்கானியில் பெண்கள் பின்னும் பாய், கூடைகளும் நல்லவை.

உடம்புக்கு முடியாமல் போனால்?

நகரில் கிங் ஃபஹத் அரசு மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம் பார்ப்பார்கள். பெரிய சிக்கல் என்றால் மொம்பாசாவுக்கோ நைரோபிக்கோ விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். விமான ஆம்புலன்ஸ் செலவைக் காப்பீடு ஏற்கிறதா என்று பத்திரத்தில் பார்த்து, அவசர எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் “கென்யாவுக்குப் போய் வந்தேன்” என்று மருத்துவரிடம் முதல் சொல்லாகச் சொல்லுங்கள், மலேரியா சோதனை அன்றே நடக்க வேண்டும்.

திரும்பும் நாளில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு படகில் இருங்கள். படகை முந்தின நாளே பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் என்றால் இன்னும் முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள். ஜும்ஆ தொழுகை முடியும்வரை கடற்கரைச் சாலையில் படகோட்டி கிடைப்பது அரிது.